வண்டுகடி: அரிப்பு நின்றால் போதாது

வண்டு எதுவும் கடித்து இது வருவதில்லை. சாலவாக்கம் பக்கம் வண்டுகடி என்றும், படர்தாமரை என்றும், வெறுமனே படை என்றும் சொல்கிற இந்தத் தோல் நோய்க்குக் காரணம் பூஞ்சை. ஆளிடமிருந்து ஆளுக்கும், துணியிலிருந்து உடம்புக்கும், சில சமயம் கன்றுக்குட்டியிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது தொற்றும். உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனால் அரைகுறையாகப் பார்த்தால் வருஷக்கணக்கில் ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் சாதாரணக் களிம்பு ஒன்றால் வீட்டிலேயே ஆற்றிவிடலாம். எதை வீட்டில் பார்க்கலாம், எதைப் பார்க்கவே கூடாது, மருந்துக்கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

இந்தச் சுற்றுவட்டாரத்து வேலைகள் எல்லாமே பூஞ்சைக்குத் தோதானவை. சொர்ணவாரிப் பட்டத்தில் சித்திரை வெயிலில் கழனியில் நிற்கிறவர்கள், கல்குவாரியிலும் கிரஷரிலும் தூசியும் வியர்வையுமாக நாளைக் கழிக்கிறவர்கள், விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போய் ஷூவும் யூனிஃபார்மும் கழற்றாமல் ஷிஃப்ட் முடிக்கிற பிள்ளைகள், இறுக்கமான ஜீன்ஸோடும் லெகின்ஸோடும் கல்லூரிக்குப் போய் வருகிறவர்கள். இவர்கள் எல்லோருக்கும் தொடையிடுக்கும் இடுப்பும் அக்குளும் மார்புக்கு அடியும் பகலில் காய்வதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்த துணியும் காயாது. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்த இடம்தான் பூஞ்சைக்கு வேண்டியது.

நம் மேல்தோலில் கெரட்டின் என்ற பொருள் இருக்கிறது. பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. நகமும் முடியும் அதே பொருளால் ஆனவை என்பதால் அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு புள்ளியில் இறங்கி, அங்கிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி வளர்கிறது. அது கடந்துபோன நடுப்பகுதி ஓரளவு ஆறிவிட, ஓரம் மட்டும் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக நிற்கிறது. வட்டம் வட்டமாகத் தெரிவதன் காரணம் இதுவே. நோய் உயிரோடு இருப்பது அந்த ஓரத்திலும், ஓரத்துக்கு வெளியே இன்னும் நல்ல தோல் போலத் தெரிகிற இடத்திலும். மருந்து பூசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

வந்திருப்பது அதுதானா?

வட்டமாகவோ வளைவாகவோ ஒரு கோடு, தடித்த ஓரம், செதில், வியர்த்தால் கூடும் அரிப்பு. இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலும் வண்டுகடிதான். தொடையிடுக்கில் வருவது முழு வட்டமாக இருக்காது. இடுக்கிலிருந்து தொடைப் பக்கம் இறங்குகிற பிறைபோல இருக்கும். பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், இடுப்பைச் சுற்றி வரும்.

தேமல் வேறு. அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம். நம் எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழ்கிற ஒன்று, வியர்வைக் காலத்தில் மிகுந்துவிடுவதால் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளுத்த அல்லது பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு போல உதிரும். அரிப்பு குறைவு. அது தொற்றாது, ஆகவே தேமல் இருக்கிற பிள்ளையைத் தள்ளி உட்காரவைக்க வேண்டியதில்லை.

இரவானால் உடம்பெல்லாம் அரிப்பு, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சின்னச் சின்னப் பொரிகள், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே தொல்லை என்றால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்குக்குப் பூஞ்சை மருந்து உதவாது. முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிப்பூச்சு போல அடுக்கடுக்காகச் செதில் விடுவது காளாஞ்சகப்படை. அதற்கும் இங்கே வழி இல்லை, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெளுத்தோ சிவந்தோ ஒரு திட்டு, அரிப்பே இல்லை, அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு என்றால் களிம்பைத் தொடவே வேண்டாம். தொழுநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேலும் பக்கத்து நல்ல தோலின் மேலும் மாற்றி மாற்றித் தொடுங்கள், தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டைத் தொட்டது தெரியவில்லை என்றால் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தெரிந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் காட்டிவிடுவதே நல்லது. தொழுநோய் முற்றிலும் குணமாகிற நோய், மருந்து இலவசம், சீக்கிரம் கண்டால் கையிலும் காலிலும் ஊனம் வராமல் காத்துவிடலாம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு எடுத்து, ஆராய்ச்சியும் பயிற்சியும் தரும் நிறுவனமாக்கியது. இந்த நோய்க்கென்று நாட்டில் இருக்கிற முக்கியமான இடங்களில் ஒன்று நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்து விரல்களை இழக்க எந்தக் காரணமும் இல்லை.

வீட்டில் பார்க்கலாமா, கூடாதா?

ஒன்று அல்லது இரண்டு திட்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சிறியது, வந்து ஓரிரு வாரம், இதுவரை எந்தக் களிம்பும் போடவில்லை, மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது. இப்படியானால் வீட்டிலேயே பார்க்கலாம். கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் சீழ் இல்லாதவரை வீட்டில் பார்க்கலாம்.

தலையில் வந்திருந்தால் கூடாது. பிள்ளைகளுக்குத் தலையில் முடி உதிர்ந்து வட்டமாகச் செதில் விடுவது பெரும்பாலும் இதே பூஞ்சை. ஆனால் முடியின் வேருக்குள் அது இருப்பதால் மேல்பூச்சு எட்டாது, மாத்திரையோ சிரப்போ மருத்துவர்தான் தர வேண்டும். நகத்தில் வந்தாலும் அப்படியே. முகம், தாடி, பிறப்புறுப்பு, கைக்குழந்தையின் உடம்பு, கர்ப்பிணி, சுகர் உள்ளவர், வேறு நோய்க்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர், எல்லோரும் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி. அடிக்கடி திரும்பி வருகிற வண்டுகடி சில பேருக்கு சுகர் இருப்பதையே முதலில் காட்டிக்கொடுக்கும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிறார்களே, அவர்களிடம் ஒருமுறை சுகர் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் கேட்கும் முறை

பெரும்பாலான குடும்பங்கள் தவறிப்போகிற இடம் இது. அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

“அண்ணே, அரிப்புக்கு நல்லதா ஒரு ஆயின்மெண்ட் குடுங்க.” இப்படிக் கேட்டால் பல கடைகளில் கைக்கு வருவது மூன்று நான்கு மருந்தை ஒன்றாய்க் கலந்த களிம்பு. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு ஒன்று. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும், சிவப்பு மங்கிவிடும். அருமையான மருந்து என்று தோன்றும். நாள் கூலிக்குப் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெயிலில் நிற்கும்போது தொடையிடுக்கில் அரிக்கிற அவஸ்தை பட்டவருக்குத்தான் தெரியும். அதை ஒரே நாளில் நிறுத்துகிற டியூபை அவர் நம்புவதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்வதல்ல. பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு நடத்துகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. எதிர்க்க ஆளில்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. கழனியில் கோரைப்புல்லின் தலையை அரிந்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்ட கதை இது. களிம்பை நிறுத்திய சில நாளில் முன்னைவிடப் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டமாக, வேறு இடங்களிலும் கிளம்பும். மறுபடியும் அதே டியூப். இப்படி மாதக்கணக்கில் போனால் தோல் தாள்போல மெலிந்துவிடும்; தொடையிடுக்கிலும் அக்குளிலும் கர்ப்பிணி வயிற்றில் விழுவதுபோன்ற அகலமான தழும்புக் கோடுகள் விழும். வண்டுகடி ஆறிய பிறகும் அந்தக் கோடுகள் போவதில்லை. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் உடம்பில் இதைப் பார்க்க நேர்வது பெரிய வேதனை.

இன்னொரு கேடும் நடந்துகொண்டிருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நம் நாட்டில் படர்தாமரை முன்பு போல எளிதில் அடங்குவதில்லை என்பது தோல் மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. உலகம் முழுக்க இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருந்த பூஞ்சையை 1910-இல் முதலில் விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அவர் அப்போது கொழும்பில் பணியாற்றிக்கொண்டிருந்தார். டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற அந்தப் பழைய பூஞ்சையை ஓரம் தள்ளிவிட்டு இப்போது இங்கே பரவியிருப்பது வேறொன்று. 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. டெர்பினஃபின் என்ற மருந்துக்கு அது பல நேரம் மசிவதில்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை கண்டதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. கலவைக் களிம்புகளைக் கண்டபடி பூசியது இந்த நிலைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நம் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, கடையில் சீட்டு கேட்கிறார்களா என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே காவல் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

டியூபின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ளே என்னென்ன மருந்து என்று இருக்கும். ஆங்கிலம் வராதென்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், கடைக்குக் கூடவே கூட்டிப் போங்கள். பூஞ்சை மருந்து ஒன்றே ஒன்று மட்டும் இருக்க வேண்டும்: குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றோ, மைகோனசோல் 2 சதவீதம் என்றோ, லூலிகோனசோல் 1 சதவீதம் என்றோ. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன், டெக்சாமெத்தசோன் இவற்றில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குளோட்ரிமசோலும் குளோபெட்டசாலும் காதுக்கு அக்கா தங்கை போல ஒலிக்கும். முதலாவது நமக்கு வேண்டிய மருந்து, இரண்டாவது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. பெயர் குழம்பும் என்று பயந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நியோமைசின், ஜென்டாமைசின், ஆஃப்லாக்சசின் என்று கூட எதுவும் சேர்ந்திருந்தாலும் வேண்டாம். பூஞ்சைக்கு அவை ஒன்றும் செய்யாது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “குளோட்ரிமசோல் மட்டும் இருக்கிற க்ரீம் குடுங்க. கலவை வேணாம், ஸ்டீராய்டு வேணாம்.” பழைய, மலிவான மருந்து இது. மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் இதுபோன்ற மருந்துகளை மருந்தின் பெயரிலேயே விலை குறைத்து விற்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் காசே ஆகாது. விட்ஃபீல்டு களிம்பு என்று பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த ஒன்றும் உண்டு. அது நூறு ஆண்டுப் பழமை கொண்டது. உள்ளங்கை, பாதம் போன்ற தடித்த தோலுக்கு நல்லது. தொடையிடுக்கிலும் முகத்திலும் வெடித்த தோலிலும் எரியும், அங்கே போடக் கூடாது.

பூசுவது

குளித்துவிட்டு, இடத்தைத் துடைத்து, முழுக்கக் காயவிட்ட பிறகு பூசுங்கள். தேய்த்துச் சிவக்க வைக்க வேண்டாம். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பூசுவது நல்லது. வெளி ஓரம் விட்டுப்போகாது. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். குளோட்ரிமசோல் என்றால் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. லூலிகோனசோல் என்றால் ஒரு நாளைக்கு ஒரே முறை. பூசியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எத்தனை நாள்? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பத்து நாளில் அரிப்பு நின்று, வட்டம் மங்கி, இடம் கறுத்துப் போகும். அது ஆறியதல்ல, ஆறிக்கொண்டிருப்பது. செதிலும் தடிப்பும் முழுக்க மறைந்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். மொத்தம் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளையும் அரை கிராம் வீதம் பூசினால் 15 கிராம் டியூப் ஒன்று பதினைந்து நாளில் தீரும். ஆகவே முதல் டியூப் தீர்ந்ததும் வைத்தியமும் முடிந்தது என்று எண்ணாதீர்கள். இரண்டாவதையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். கடைசியில் மிஞ்சுகிற கறுப்புத் தழும்புக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. சில மாதங்களில் தானே மங்கும்.

முதல் சில நாள் அரிப்பு தாங்காது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிஷம் வைத்து எடுத்து, காயவிட்டு, களிம்பைப் பூசுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் அந்த நேரம் சுகமாக இருக்கும், பிறகு அரிப்பு இரட்டிக்கும். இரவில் தூக்கம் கெட்டால் செட்டிரிசின் போன்ற அரிப்பு மாத்திரை உதவும். தூக்கம் வரவழைக்கும் என்பதால் லாரி ஓட்டுகிறவரும் கிரஷரில் இயந்திரத்தோடு நிற்கிறவரும் வேலைக்குப் போகும் முன் அதைப் போடக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்த நகம் பூஞ்சையை அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகும்.

இட்ரகோனசோல், ஃபுளுகோனசோல், டெர்பினஃபின் மாத்திரைகளைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது. இட்ரகோனசோல் பலவீனமான இதயத்துக்கு ஆகாது. சுகருக்கு கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே ஃபுளுகோனசோலும் போட்டால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

துணி, துண்டு, அரைஞாண்

களிம்பு பாதி வைத்தியம். மீதிப் பாதி துணிக்கூடையில் இருக்கிறது. உதிர்ந்த செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அப்பா துடைத்த துண்டால் மகன் துடைக்கிறான், அண்ணன் கைலியைத் தம்பி கட்டுகிறான், எல்லோர் துணியும் ஒரே அன்னக்கூடையில் ஊறுகிறது. ஒருவருக்கு ஆறி வரும்போது இன்னொருவருக்கு ஆரம்பிக்கும். அவருக்கு ஆறும்போது முதலாமவருக்குத் திரும்பும். ஆகவே வீட்டில் யார் யாருக்கு வட்டம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நாளில் களிம்பு தொடங்க வேண்டும். மாமியாரிடமும் மருமகளிடமும் “எங்கேயாவது அரிக்குதா?” என்று கூச்சமில்லாமல் கேட்டுவிடுங்கள். பெண்கள் இடுப்பிலும் மார்புக்கு அடியிலும் வந்ததை வெளியே சொல்லாமலே வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சேர்த்துப் பார்க்காத வைத்தியம் அந்த வீட்டில் பலிக்காது.

ஆளுக்கொரு துண்டு. நோய் உள்ளவரின் ஜட்டி, பாவாடை, கைலி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் தனியாகக் கொதிக்கக் கொதிக்க உள்ள வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். வெட்கப்பட்டு உள்ளாடையைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயவைக்கும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விட வேண்டும். மழை நாளில் காயாவிட்டால் இஸ்திரி போடுங்கள், முக்கியமாகத் தையல் ஓரங்களிலும் இடுப்புப் பட்டியிலும். ஈரம் முழுக்கப் போகாத ஜட்டியை அவசரத்துக்குப் போட்டுக்கொண்டு போவதைவிட நேற்றுப் போட்ட காய்ந்த கைலியே மேல் என்று தோன்றலாம். இரண்டுமே வேண்டாம், இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கிவிடுங்கள். பருத்தி, தளர்வானது. வேலை முடிந்து வந்ததும் டீ குடிக்க உட்காருவதற்கு முன் குளியல்.

அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்குப் பிடிக்காது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். குளித்த ஈரம் அந்தக் கயிற்றில் நாள் முழுக்கத் தங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கயிற்றில் பூஞ்சை குடும்பமே நடத்தும். இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வண்டுகடி உள்ளவர் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட வேண்டும், ஆறி ஒரு மாதம் கழிந்த பிறகு புதுசு கட்டிக்கொள்ளட்டும். சம்பிரதாயம் விடக் கூடாதென்றால் வெள்ளி அரைஞாணைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துப் போடலாம். கையில் கட்டிய மந்திரக் கயிற்றுக்கும் இதே விதி.

கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் முடி உதிர்ந்து சாம்பல் நிறத்தில் தடித்த வட்டம் இருந்தால் அதுவும் வண்டுகடிதான். பால் கறக்கிறவரின் முன்கையிலும், கன்றைக் கட்டிப்பிடிக்கிற பிள்ளையின் கன்னத்திலும் அது ஏறும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்குட்டியும் அப்படியே.

சேற்றுப்புண்ணும் தேமலும்

நடவு, களையெடுப்பு நாட்களில் விரல் இடுக்கு வெளுத்து ஊறி வெடிக்கும். மாலையில் காலைக் கழுவி ஒவ்வொரு இடுக்காகத் துடைத்துக் காயவிட்டு, குளோட்ரிமசோல் க்ரீமை நான்கு வாரம் பூசுங்கள். காலைத் துடைத்த துணியைத் தலைக்கோ இடுப்புக்கோ எடுக்காதீர்கள். ஷூ போடுகிறவர் சாக்ஸைத் தினமும் மாற்றி, ஷூவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெயிலில் வைக்க வேண்டும். சேற்றுப்புண் வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கிக் கால் வீங்கி, சூடாகி, காய்ச்சல் வந்தால் அது அவசரம். சுகர் உள்ளவருக்கு வெடிப்பு தென்பட்ட அன்றே மருத்துவர் வேண்டும்.

தேமலுக்கு கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. ஈர உடம்பில் திட்டு உள்ள இடமெல்லாம் பூசி ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். ஐந்து நாள் செய்தால் போதும். பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும், அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டே போக வேண்டாம். அடுத்த கோடையில் திரும்பி வரலாம். மறுபடியும் அதே வைத்தியம்.

இலைகள்

மஞ்சள் பூ விடுகிற சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று நம் முன்னோர் பெயரிட்டது காரணத்தோடுதான். அதன் இலைக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை தன் மக்களுக்குப் பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. நம் சித்த மருத்துவத்தில் சீமை அகத்திக் களிம்பு என்றே தயாரிக்கிறார்கள். இலையை நேராக அரைத்துப் பூசுவதைவிட, சித்த மருத்துவப் பிரிவில் அளவறிந்து செய்த களிம்பை வாங்கிப் போடுவதே என் யோசனை. இலைக்கு இலை சத்து மாறும், சிலருக்குத் தோல் வெந்துபோகும். நாகமல்லி இலையும் பூவரசங்காய்ப் பாலும் இந்த ஊரில் நெடுங்காலமாகப் பூசுகிறவைதான். சின்னத் திட்டுக்குப் பூசி, எரியாமல் குறைந்தால் நல்லது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் களிம்புக்கு மாறிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலை மிருதுவாக்கும், வண்டுகடியை ஆற்றாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி ஆசிட், முந்திரிக்கொட்டைப் பால், அரைத்த பூண்டு, பிளீச்சிங் பவுடர், அந்துருண்டைத் தூள். இவை எதையும் தோலில் வைக்காதீர்கள். பூஞ்சையோடு சேர்த்துத் தோலையும் சுட்டுவிடும். ஒரு திட்டு வண்டுகடிக்காகத் தொடை முழுக்கத் தீக்காயம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும்.

எப்போது கிளம்ப வேண்டும்?

ஒழுங்காகப் பூசியும் இரண்டு வாரத்தில் கொஞ்சமும் குறையாவிட்டால், புதிய வட்டங்கள் வந்தால், சீழோ வலியோ காய்ச்சலோ இருந்தால், கலவைக் களிம்பை ஏற்கெனவே பல வாரம் பூசியிருந்தால் போய்விடுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே தோல் மருத்துவர் தேவை என்றால் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருவார்கள். எங்கே போவதென்று குழப்பம் இருந்தால் 104-க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.

பல மாதம் ஸ்டீராய்டு பூசியவர் அதை நிறுத்தியதும் முதல் வாரம் சிவப்பும் அரிப்பும் கூடும். மருந்தை நிறுத்தியது தப்போ என்று தோன்றும். தப்பில்லை, மறைந்திருந்தது வெளியே வருகிறது. மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டால் அந்த நாட்களைக் கடக்க வழி சொல்வார்.

போகும்போது ஒரு பையில் இதுவரை பூசிய எல்லா டியூபையும், காலியானவற்றையும் சேர்த்து, போட்டுக்கொண்டு போங்கள். “வெள்ளை டியூப், பச்சைக் கோடு” என்றால் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. பொடி எழுத்தைப் படித்தால் எல்லாம் தெரியும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். களிம்பு பூசிய தோலில் பூஞ்சை சரியாகத் தென்படாது. அதனால் பெரியாஸ்பத்திரிக்கு நாள் குறித்தவுடனே, சோதனைக்கு எத்தனை நாள் முன்னால் களிம்பை நிறுத்த வேண்டும் என்று சீட்டு எழுதுகிறவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வட்டம் உள்ள மற்றவர்களையும் அன்றே கூட்டிப் போங்கள்.